பாஸ் புத்தகமும் பாலர் கணக்கும்: மிகை எண், குறை எண் கற்பிக்கும் முறை

கிராமத்துக் குடியானவர்களில் கடன் இன்னதென அறியாதவர் எவருமிலர். கையிலுள்ள முதல் எவ்வளவு, பிறர்க்குக் கொடுக்கவேண்டியது எவ்வளவு, இரண்டையும் நேர்செய்தால் மிஞ்சுவது யாது என்பனவற்றை எழுத்தறியாத முதியவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவர். ஆயினும் அவ்வீட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பிற் புகுந்து, மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கும் கணக்கைக் கண்டவுடன் திகைத்து நிற்கின்றது. வீட்டில் அன்றாடம் வழங்கும் விஷயம் பள்ளிக்கூடத்திற் புதிராகிவிடுகிறது. இப்புதிரை அவிழ்ப்பதற்குரிய சாதனமோ சங்க அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டுப் பெட்டியிலும் இருக்கின்றது. சங்கம் கொடுத்த பாஸ் புத்தகமே அது.

திகைப்பிற்குக் காரணம்

கீழ் வகுப்புகளில் உபாத்தியாயர், சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் கழியாது என்று கற்பிக்கின்றார். கூடையில் மூன்று மாம்பழங்கள் இருப்பின் அவற்றிலிருந்து ஐந்தை எடுத்தல் இயலாது. அவ்வளவில் அவர் சொன்னது சரியே. ஆறாம் வகுப்பில் ‘முழுக்கள்’ என்னும் பாடம் வரும்போது அதே கணக்கிற்கு −2 என்பது விடையென்று சொல்லப்படுகின்றது. நேற்று இயலாதிருந்தது இன்று எவ்வாறு இயன்றது என்பதை யாரும் விளக்காவிடின், பிள்ளை காரணத்தைத் தேடுவதை விட்டுச் சூத்திரத்தை நெட்டுருப் போடத் தொடங்குகின்றது. ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்னும் வாசகத்தை மனனம் செய்து, கண்ட இடத்திலெல்லாம் அதனைப் பொருத்துகின்றது. −3 − 5 என்னும் கணக்கிற்கு +8 என விடை எழுதும் பிள்ளைகள் பலர். மூன்று ரூபாய்க் கடனுடன் ஐந்து ரூபாய்க் கடனும் சேர்ந்தால் எட்டு ரூபாய் கைக்கு வரும் என்று எந்தப் பிள்ளையும் நம்பாது. ஆனால் அவ்வெண்கள் கடனைக் குறிப்பன என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஆதலின் முதலிற் சொல்லவேண்டியது இது. எண்ணப்படுவது கூடையிலுள்ள பழமாயின், சூன்யத்திற்குக் கீழே செல்ல இடமில்லை. எண்ணப்படுவது ஒருவருடைய கணக்கின் நிலையாயின், அல்லது கிணற்று நீரின் மட்டமாயின், சூன்யத்திற்குக் கீழும் இடமுண்டு. பழைய விதி பொய்யாகிவிடவில்லை. பழக்கூடையை விட்டுக் கணக்கேட்டிற்கு வந்துவிட்டோம் என்பதே வேறுபாடு.

கடனாக எண்ணப்பெற்ற எண்

குறை எண்களைக் கடனைக்கொண்டு விளக்குதல் புதிய உபாயமன்று. 628-ஆம் ஆண்டில் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ என்னும் நூலை இயற்றிய பிரம்மகுப்தர், சூன்யத்திற்கு மேற்பட்ட எண்ணைத் தனம் என்றும், கீழ்ப்பட்டதை ருணம், அதாவது கடன் என்றும் வழங்கினார். இரு கடன்கள் சேர்ந்தால் கடன். ஒத்த தனமும் கடனும் சேர்ந்தால் சூன்யம். கடனைச் சூன்யத்திலிருந்து நீக்கினால் தனம் என்னும் கருத்துடைய விதிகளை அவர் அந்நூலில் வகுத்துள்ளார். இன்று பள்ளிக்கூடத்தில் மிகை எண், குறை எண் என்பன அவையே.

சீன தேசத்திலோ கணக்கர்கள் சிறு குச்சிகளைப் பரப்பிக் கணக்கிட்டனர். மிகைக்குச் சிவப்புக் குச்சியும் குறைக்குக் கறுப்புக் குச்சியும் கொள்ளும் வழக்கத்தை 263-ஆம் ஆண்டில் லியூ ஹுயி என்னும் அறிஞர் தம் உரையிற் குறித்துள்ளார். நஷ்டத்தைச் சிவப்பு மையால் எழுதும் இக்காலத்து வணிக வழக்கத்திற்கு இது நேர்மாறானது. + என்றும் − என்றும் நாம் எழுதும் குறிகள் முதன்முதலில் அச்சேறியதும் வியாபாரக் கணக்கு நூலொன்றிலேயாம். ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரில் 1489-இல் யோகான்னஸ் விட்மன் வெளியிட்ட அந்நூலில், அத்திப்பழப் பொதிகளின் நிறை குறித்த எடைக்கு எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதைக் காட்ட இக்குறிகள் வருகின்றன.

இவ்வளவு தெளிவாகத் தோன்றும் இவ்வெண்களை ஏற்கக் கற்றோரும் தயங்கியதுண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் மஸேரெஸ் என்னும் கணிதர், கணிதத்தில் இவற்றிற்கு இடமளித்தலை எதிர்த்து 1758-இல் ஒரு நூலே எழுதினார். கற்றோர்க்கே எளிதில் விளங்காத பொருள், பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் விளங்கவில்லையெனின், அதனை மந்தமென்று கடிந்துகொள்ளல் நியாயமன்று.

நெல் மூட்டைக் கணக்கு

அத்திப்பழப் பொதிக்குப் பதிலாக நெல் மூட்டையைக் கொண்டு இப்பாடத்தைத் தொடங்கலாம். மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ என்பது குறித்த எடையாயின், ஐந்து மூட்டைகளை நிறுத்து, ஒவ்வொன்றும் அவ்வெடைக்கு எவ்வளவு மிகை அல்லது குறை என்பதைப் பிள்ளை எழுதட்டும். +1, −2, 0, +3, −1 என்று வருவதாகக் கொள்வோம். மிகைகள் சேர்ந்து 4. குறைகள் சேர்ந்து 3. நேர்செய்தால் +1. ஐந்து மூட்டைக்கும் சேர்த்து 200 கிலோவுக்கு மேல் 1 கிலோ இருக்கின்றது. 41, 38, 40, 43, 39 என்று நேராகக் கூட்டினும் 201 வருதலைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். மனத்திலேயே கணக்கிடும் வல்லமையும் இதனால் வளரும். சூன்யம் என்பது ஒன்றுமில்லாமையை மட்டும் குறிப்பதன்று, நாம் வைத்துக்கொண்ட எல்லைக்குறியுமாம் என்னும் உண்மையும் இதனால் விளங்கும்.

கிணறு

அடுத்துப் பிள்ளையைக் கிணற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுதல் நலம். தரைமட்டத்தைச் சூன்யமாகக் கொள்க. கைப்பிடிச் சுவரின் உச்சி தரைக்கு மேல் 3 அடி, ஆகவே +3. கோடையில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 20 அடி; ஆகவே −20. மழை பெய்து நீர் 6 அடி ஏறினால் −14.

இப்போது −20, −14 இவ்விரண்டில் எது பெரியது என்று கேட்க வேண்டும். இருபது பெரிதாகையால் −20 பெரியது என்று பல பிள்ளைகள் சொல்லும். எந்த மட்டத்தில் நீர் உயர்ந்திருக்கின்றது என்று கேட்டால் உடனே திருத்திக்கொள்ளும். சூன்யத்திற்குக் கீழே இலக்கம் பெருகப் பெருக நிலை தாழும் என்பதே அறியவேண்டியது. கேரளத்துக் குட்டநாட்டில் கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த நிலங்களில் நெல் பயிராகின்றது. அந்நிலங்களின் உயரத்தைக் குறை எண்ணாற்றான் எழுதவேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து நீரைத் தொடக் கயிறு எவ்வளவு வேண்டும்? மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்தைக் கழிக்க வேண்டும்: 3 − (−14). விடை 17 அடி. சுவருக்கு 3 அடி, தரைக்குக் கீழே 14 அடி என்று கயிறே சாட்சி சொல்லுகின்றது. குறை எண்ணைக் கழித்தால் ஏன் கூட்டலாகின்றது என்னும் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

ஒரு குறிக்கு இரண்டு தொழில்

பிள்ளைகள் இடர்ப்படுவதற்கு இன்னொரு காரணம், சிறு கோடு ஒன்றே இரண்டு தொழில் செய்வதாகும். 8 − 5 என்னுமிடத்து அது ‘கழி’ என்று ஏவுகின்றது. −5 என்னுமிடத்து அவ்வெண் சூன்யத்திற்குக் கீழுள்ளது என்று அறிவிக்கின்றது. இரண்டையும் ‘மைனஸ்’ என ஒரே பெயரால் வாசித்தால் குழப்பமே மிஞ்சும். ஆகவே தொழிலைச் சுட்டுமிடத்துக் ‘கழி’ என்றும், நிலையைச் சுட்டுமிடத்துக் ‘குறை’ என்றும் வாசிக்கப் பழக்குதல் வேண்டும். 3 − (−5) என்பதை ‘மூன்றிலிருந்து குறை ஐந்தைக் கழி’ என்று வாய்விட்டு வாசிக்கும் பிள்ளை பாதிக் கணக்கைச் செய்து முடித்ததாகும்.

புளியங்கொட்டையும் கூழாங்கல்லும்

எழுதுமுன் கையாற் செய்து பார்த்தல் வேண்டும். புளியங்கொட்டை ஒன்று ஒரு ரூபாய் வரவு. கூழாங்கல் ஒன்று ஒரு ரூபாய்க் கடன். ஒரு கொட்டையும் ஒரு கல்லும் சேர்ந்தால் நேராகிவிடும், இரண்டையும் ஒதுக்கிவிடலாம். 3 + (−5) என்னும் கணக்கிற்கு மூன்று கொட்டைகளையும் ஐந்து கற்களையும் வைத்து, இணை இணையாக ஒதுக்கினால் இரண்டு கற்கள் எஞ்சும். விடை −2. மூன்று கல்லோடு ஐந்து கல்லைச் சேர்த்தால் எட்டுக் கல்லே. அங்கே கொட்டை எதுவும் பிறப்பதில்லை. −3 − 5 என்பது +8 ஆகாமைக்கு இதுவே காரணம்.

இனி 3 − (−5). மூன்று கொட்டைகள் இருக்கின்றன. ஐந்து கற்களை எடுக்கச் சொல்லுகின்றது கணக்கு, கற்களோ இல்லை. ஐந்து கொட்டைகளும் ஐந்து கற்களுமாக ஐந்து இணைகளைக் கொணர்ந்து வைத்தால் மதிப்பு மாறாது, ஏனெனின் ஒவ்வோர் இணையும் சூன்யமே. பின்பு ஐந்து கற்களை எடுத்துவிட்டால் எட்டுக் கொட்டைகள் நிற்கும். விடை +8.

வாழ்க்கையிலும் இது நிகழ்வதே. கையில் 3 ரூபாய் வைத்திருக்கும் சிறுவன், கடலைமிட்டாய்க்காகக் கடைக்காரருக்கு 5 ரூபாய் தரவேண்டியிருப்பின் அவன் நிலை −2. அவனுடைய தாய்மாமன் வந்து, அந்த 5 ரூபாயைத் தாமே கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டால், சிறுவன் கைக்குப் புதிதாக ஒரு காசும் வரவில்லை. எனினும் அவன் நிலை −2 என்பதிலிருந்து +3 ஆகிவிட்டது. கடனை நீக்குதல் பணம் கொடுத்தலுக்கு ஒப்பாகும்.

பெருக்கலில் வரும் ஐயம்

இரு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் வருவதே பெரியோரையும் மயக்கும் விஷயம். இதற்கும் கிணறே துணை. தினமும் நீர் இறைப்பதால் மட்டம் நாளொன்றுக்கு 2 அடி இறங்குகின்றது, அஃதாவது −2. இன்றைய மட்டத்தைச் சூன்யமாகவும், வருங்கால நாட்களை மிகையாகவும், சென்ற நாட்களைக் குறையாகவும் கொள்க. மூன்று நாள் கழித்து: 3 × (−2) = −6; மட்டம் 6 அடி தாழ்ந்திருக்கும். மூன்று நாளைக்கு முன்: (−3) × (−2) = +6; மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 6 அடி உயர்ந்திருந்தது. இறங்கிவரும் கிணற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் நீர் உயர்ந்தே இருக்கும் என்பதைப் பிள்ளை எளிதில் ஒப்புக்கொள்ளும்.

பாஸ் புத்தகம்

இவ்வளவும் அறிந்தபின் பிள்ளை பாஸ் புத்தகத்தைக் கையிலெடுக்கலாம். 1904-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கூட்டுறவு நாணய சங்கச் சட்டம், குடியானவர், கைத்தொழிலாளர் முதலிய சொற்ப வருவாயினரிடையே சிக்கனத்தையும் சுயஉதவியையும் வளர்த்தலை நோக்கமாகக் கொண்டது. அவ்வாண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் விவசாயிகளுக்கான நாணய சங்கம் தோன்றிற்று. சேமிப்பும் கடனும் ஒரே சங்கத்தில் நடைபெறுவதால், மிகையும் குறையும் ஒரே அங்கத்தினர் கணக்கில் அருகருகே நிற்கின்றன.

உதாரணமாக, ஓர் அங்கத்தினருக்குச் சேமிப்புக் கணக்கில் ரூ. 2,000 இருக்கின்றது, பயிர்க்கடன் ரூ. 15,000 இருக்கின்றது என்று கொள்வோம். சங்கத்தில் தமக்கு ரூ. 2,000 இருப்பதாக அவர் சொல்லிக்கொண்டால் அது பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. சங்கத்தோடு அவருக்குள்ள நிலை 2,000 + (−15,000), அதாவது −13,000. அறுவடைக்குப்பின் அவர் ரூ. 5,000 கட்டினால் −8,000 ஆகும். கட்டாது ஓராண்டு விட்டு, நூற்றுக்கு 12 வீதம் வட்டி சேர்ந்ததாயின், வட்டி ரூ. 1,800 ஏறி −14,800 ஆகும்.

இவ்விடத்திற்றான் குடும்பத்தின் நன்மை தீமை தங்கியிருக்கின்றது. சேமிப்பேட்டில் இலக்கம் பெருகுவது ஏற்றம்; கடனேட்டில் இலக்கம் பெருகுவது இறக்கம். ஏட்டில் இருப்பன இலக்கங்களே; அவற்றின் முன் + என்றோ − என்றோ குறி இராமையும் உண்டு. வரவு, பற்று என்னும் தலைப்பைப் பார்த்துக் குறியை வாசிப்போர் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். குறியை அறியாது இலக்கத்தை மட்டும் வாசிக்கும் குடும்பத்தில், தவணை தவறி வட்டி ஏறுவது யார் கண்ணுக்கும் படாது போகலாம். கட்டிய தொகை ஏட்டிற் பதிவாகாமல் விடுபடினும் தெரியாது. ஒவ்வொரு பதிவிற்கும் பின் நிலை ஏறிற்றா, இறங்கிற்றா என்று கேட்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருப்பின், அன்றே அப்பிழை வெளிப்படும். கைந்நாட்டு வைக்கும் பெற்றோர்க்கு அப்பிள்ளை கண்ணாக விளங்கும்.

நிற்கும் இடம் மாறின் குறியும் மாறும்

அங்கத்தினர் சங்கத்தில் ரூ. 500 டிபாசிட்டுச் செய்தால் அவருக்கு அது +500. சங்கத்திற்கோ அது திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகை, ஆகவே −500. அங்கத்தினர் வாங்கிய கடன் அவருக்குக் குறை. சங்கத்திற்கு வரவேண்டிய தொகையாதலின் மிகை. ஒரே தொகை இருவர் கணக்கில் எதிரெதிர்க் குறியோடு நிற்கும்; இரண்டையும் கூட்டினால் சூன்யம். சங்கத்து ஆண்டு அறிக்கையில், அங்கத்தினரின் டிபாசிட்டுகள் சங்கம் கொடுக்கவேண்டியவற்றின் வரிசையில் வருதலைக் கண்டு பொதுக்குழுக் கூட்டத்தில் மயங்குவோர்க்கும் இவ்விளக்கம் பயன்படும். எவருடைய கணக்கு என்று முதலில் கேட்டபின்பே குறியைத் தீர்மானிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கும் பழக்கவேண்டும்.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கை

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும் உபாத்தியாயர், எந்தப் பிள்ளையின் வீட்டுக் கடனையும் பலரறியக் கேட்டல் ஆகாது. கற்பனைக் கணக்குகளே போதுமானவை. தந்தையின் கடனைச் சொல்லி நாணி நிற்கும் பிள்ளைக்குக் கணக்கு மனத்தில் ஏறாது. உண்மையான பாஸ் புத்தகத்தை வாசிப்பது வீட்டில் பெற்றோர் முன் நடைபெற வேண்டிய காரியம்.

குறை எண் என்பதனாலேயே அது குற்றமென்று பிள்ளை எண்ணிவிடலாகாது. விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் ஏட்டில் குறை எண்ணாக நின்றபோதிலும், வயலில் பயிராக நிற்கின்றது. சங்கத்துக் கணக்கு குடும்பத்தின் முழு ஆஸ்தியையும் காட்டுவதன்று. குறையின் அளவை அறியாதிருத்தலும், அது எத்திசையிற் செல்லுகின்றது என்று நோக்காதிருத்தலுமே தீங்கு விளைப்பன.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு விளையாட்டாகவே இக்கணக்கைத் தொடங்கலாம். சில நாட்களுக்கு ஒரு முறை கிணற்று மட்டத்தை அளந்து, தரைமட்டம் சூன்யமாக ஒரு நோட்டில் எழுதச் செய்யலாம். சங்கத்திற்குச் சென்று பணம் கட்டி வந்த நாளில், பாஸ் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, முன்பிருந்த நிலை, இன்றைய பதிவு, இப்போதைய நிலை என்னும் மூன்றையும் குறியோடு எழுதிக் காட்டச் சொல்லலாம். ரசீதில் உள்ள தொகையும் ஏட்டிலுள்ள தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று அதுவே சரிபார்க்கட்டும். ஒத்திராவிடின் மறுநாளே காரியதரிசியிடம் காட்டித் திருத்திக்கொள்ளுதல் அங்கத்தினரின் உரிமையும் கடமையுமாம்.

இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வாரத்தில் அரைமணி நேரம் போதும். பள்ளிக்கூடத்துக் கணக்கு வீட்டுக்கு உதவுவதைக் கண்ட பிள்ளைக்கு அதன்மேல் வெறுப்பு உண்டாகாது. கடனேட்டில் ஒவ்வொரு தவணையும் செலுத்தப்பெற்று, −15,000 என்பது −10,000 ஆகி, −5,000 ஆகி, சூன்யத்தை அடையும் நாளில், அந்தச் சூன்யம் எத்துணைப் பெரிய எண் என்பதை அப்பிள்ளை பெற்றோருடன் சேர்ந்து அறிந்துகொள்ளும்.